ஒடுக்கு விழுந்த ‘வெண்கல’ப் பானை

கேள்வி: மாமியார் வீட்டிலிருந்து பழைய பானை ஒன்று வந்திருக்கிறது. வெண்கலம் என்கிறார்கள். பாத்திரக் கடைக்காரரும் தூக்கிப் பார்த்துவிட்டு, “இந்தக் கனத்துக்கு வெண்கலமேதான்” என்றார். பக்கவாட்டில் ஒரு ஒடுக்கு விழுந்திருக்கிறது. இதில் பொங்கலும் புளிக்குழம்பும் வைக்கலாமா? ஈயம் பூச வேண்டுமா?

பதில்: அந்த ஒடுக்கை வைத்தே பாதி பதில் சொல்லிவிடலாம். உங்களிடம் இருப்பது பெரும்பாலும் பித்தளை. கனத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. இரண்டின் அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இரண்டிலும் பெரும்பங்கு செம்புதான். அதோடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை, வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். சிலைகளிலும் எந்திர பாகங்களிலும் வெள்ளீயம் குறைவாகவே இருக்கும். நம் பக்கத்துப் பாத்திர வெண்கலத்தில் அது 20 சதவீதத்தைத் தாண்டும். 78 பங்கு செம்புக்கு 22 பங்கு வெள்ளீயம் என்பது பழைய கணக்கு. அவ்வளவு சேரும்போது, உருக்கி வார்த்தது மெல்ல ஆறுகையில் செம்பும் வெள்ளீயமும் கூடிய கடினமான ஒரு சேர்மம் உள்ளே உருவாகிறது. கோயில் மணி கணீரென்று நெடுநேரம் ஒலிப்பதும், வெண்கலப் பானை கீழே விழுந்தால் விரிசல் விடுவதும் இதனால்தான். அது நசுங்காது, உடையும். பித்தளையில் துத்தநாகம் சுமார் 35 சதவீதம் வரை செம்போடு இழைந்து கரைந்துவிடுவதால் உலோகம் வளைந்து கொடுக்கும், ஒடுக்கு விழும், தட்டி எடுக்கவும் முடியும்.

வார்த்த வெண்கலம்தான் இப்படி. செக்கச் சிவக்கக் காய்ச்சி, அந்தச் சூட்டிலேயே அடித்து, சட்டென்று தண்ணீரில் தோய்த்தால் அந்தச் சேர்மம் உருவாக நேரம் கிடைக்காது. ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியிலும் கிடைத்த பழங்கால மெல்லிய வெண்கலக் கிண்ணங்களைச் செய்தவர்களுக்கு இந்த வித்தை தெரிந்திருக்கிறது. எந்த உலோகவியல் பாடமும் இல்லாமல்!

பானையைத் துணியில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். வெண்கலம் ரீங்கரிக்கும், பித்தளையின் ஒலி சீக்கிரம் அடங்கிவிடும். தேய்த்த இடத்தில் நிறத்தையும் பாருங்கள்: பித்தளை பளிச்சென்ற மஞ்சள், வெண்கலம் சற்றே வெளிறியது. காந்தம் ஒட்டினால் இரண்டுமில்லை, இரும்புக்கு முலாம் பூசியிருக்கிறார்கள். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால், தங்கத்தைச் சோதிக்கும் எக்ஸ்ரே கருவியில் வைத்தால் கலவை தெரிந்துவிடும். புதிதாக வாங்குபவர்களுக்கும் இதையே சொல்வேன். வெள்ளீயம் துத்தநாகத்தைவிடப் பல மடங்கு விலை. வெண்கலம் என்ற பெயரில் பித்தளை விற்கப்படுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். பழைய சாமான்களை உருக்கி வார்த்ததில் காரீயம் கலந்திருக்கவும் வாய்ப்புண்டு. அது நச்சு. கருவியில் காரீயம் காட்டினால் அந்தப் பானையைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

பித்தளை என்று உறுதியானால் உள்ளே ஈயம், அதாவது வெள்ளீயம், பூசாமல் சமைக்க வேண்டாம். புளியும் தயிரும் தக்காளியும் செம்பையும் துத்தநாகத்தையும் கரைத்து எடுக்கும். அந்தப் பச்சைக் களிம்பு வயிற்றைக் குமட்டும். பூசுபவரிடம் சுத்தமான வெள்ளீயம்தான் வேண்டும் என்று சொல்லி, முடிந்தால் பக்கத்திலேயே இருங்கள். உலோகங்களை ஒட்டவைக்கப் பயன்படும், காரீயம் கலந்த பற்றாசு மலிவு, இன்னும் குறைந்த சூட்டிலேயே உருகும் என்பதால் சிலர் அதைப் பூசிவிடுகிறார்கள்.

பூசிய பானையில் பொங்கல் தாராளமாக வைக்கலாம். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், ஆகவே வெறும் பானையை அடுப்பில் காய விடாதீர்கள். தாளிப்பைத் தனிக் கரண்டியில் செய்து கொட்டுங்கள். கம்பி நார் கூடாது. உள்ளே மஞ்சள் தெரியத் தொடங்கினால் மறுபடி பூச வேண்டும். புளிக்குழம்பைக் கொதித்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். நானாக இருந்தால் அதற்கு மண்சட்டியைத்தான் எடுப்பேன்.

ஒருவேளை அது வெண்கலமாகவே இருந்தால் பொதுவாக ஈயம் தேவையில்லை. சோறு, பொங்கல், பாயசம் எல்லாம் வைக்கலாம், புளிப்பு மட்டும் வேண்டாம். சூடான பானையில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் விரிசல் விடும். எதுவாக இருந்தாலும் இண்டக்‌ஷன் அடுப்பில் வைத்துப் பயனில்லை, சூடேறாது.