மோட்டார்ஹோம் பாத்ரூமில் சாக்கடை நாற்றம்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

நானும் மனைவியும் ஏழு வருடமாக, வருடத்தில் பாதி நாள் அமெரிக்கச் சாலைகளில் ஒரு மோட்டார்ஹோமில், அதாவது படுக்கை, பாத்ரூம் எல்லாம் உள்ள வண்டி வீட்டில்தான் குடித்தனம். பாத்ரூம் நாற்றம் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. முதலில் ஒன்று: வண்டிக்கடியில் கழிவு சேரும் டேங்க் என்றால் நாறத்தான் செய்யும், அந்தக் காற்று கூரையில் இருக்கும் வென்ட் குழாய் வழியாக வெளியே போக வேண்டியது. உள்ளே வருகிறது என்றால் எங்கோ ஒரு வழி திறந்து கிடக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் வாசனைத் திரவம் ஊற்றினால் மல்லிகைப்பூ சாக்கடை வாடைதான் வரும்.

கேள்வி: நிறுத்தியிருக்கும்போது ஒன்றும் இல்லை அண்ணா, வண்டி ஓட ஆரம்பித்தால்தான் நாறுகிறது. ஏன்?

ஷவருக்கும் சிங்க்குக்கும் கீழே வளைந்த குழாய் இருக்கும், பி-ட்ராப். அதில் தேங்கும் தண்ணீர்தான் டேங்க் காற்றைத் தடுக்கிறது. மேடு பள்ளத்தில் குலுங்கும்போது அந்தத் தண்ணீர் வழிந்து போய்விடும், அதுவும் ஷவர் ட்ராப்பில் ஆழமே இருக்காது, தரைக்கடியில் இடம் இல்லாததால். போதாக்குறைக்கு ஓடும்போது ஜன்னலையோ கூரை மூடியையோ திறந்து வைத்தால் உள்ளே காற்றழுத்தம் குறைந்து டேங்க் காற்றை உறிஞ்சி இழுக்கும். கிளம்பும் முன் ஷவர் ஓட்டையை அடைப்பானால் மூடுங்கள், போய்ச் சேர்ந்ததும் ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் ஹெப்வோ வால்வ் போடலாம், உள்ளே சிலிகான் சவ்வு இருக்கும், தண்ணீர் போகும்போது மட்டும் திறக்கும். நான் ஷவருக்கு மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: ஃப்ளஷ் பெடலை அழுத்தினவுடன் முகத்தில் அடிக்கிற மாதிரி வாடை வருகிறது சார்.

பாத்ரூம் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறதா? அதுதான். ஃபேன் காற்றை வெளியே தள்ளத் தள்ள, பெடலை அழுத்திக் கிண்ணத்தின் அடி திறந்ததும் டேங்கில் இருக்கும் காற்று மேலே வருகிறது. ஃபேனை அணைத்துவிட்டு ஃப்ளஷ் செய்யுங்கள், மூடிய பிறகு போடுங்கள். அப்படியும் நின்றபாடில்லை என்றால் கூரைமேல் ஏறி வென்ட் மூடியைக் கழற்றிப் பாருங்கள். எனக்கு ஒரு முறை உள்ளே எலுமிச்சம்பழ அளவில் குளவிக்கூடு, அது தெரியாமல் மூன்று மாதம் ரசாயனம் வாங்கிக் கொட்டியிருந்தேன். சில வண்டிகளில் அந்தக் குழாயே நழுவி டேங்குக்குள் இறங்கியிருக்கும், டேங்க் கொஞ்சம் நிரம்பினாலே அதன் வாய் மூழ்கி அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: கேம்ப்கிரவுண்டில் சாக்கடை இணைப்பு இருக்கிறது, பிளாக் டேங்க் (கழிப்பறைக் கழிவு சேரும் டேங்க்) வால்வைத் திறந்தே வைத்துவிட்டால் வேலை மிச்சம்தானே?

வேண்டவே வேண்டாம். தண்ணீர் மட்டும் ஓடிப்போகும், கெட்டியானது அங்கேயே நின்று கோபுரம் மாதிரி எழும்பி கல்லாக இறுகும். மூடியே வையுங்கள், மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் திறங்கள், அப்போதுதான் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகும். முதலில் பிளாக், பிறகு ஷவர், சிங்க் தண்ணீர் சேரும் கிரே டேங்க், அதன் சோப்புத் தண்ணீர் ஹோஸைக் கழுவிவிடும். காலியானதும் இரண்டு மூன்று பக்கெட் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் மறுபடி பயன்படுத்த வேண்டும்.

கேள்வி: அரிசோனா குவார்ட்ஸைட் பக்கம் பாலைவனத்தில் தங்கியிருக்கிறோம், தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கிறோம். நாற்றம் தாங்கவில்லை.

சிக்கனத்தை வேறு எங்காவது காட்டுங்கள், ஃப்ளஷில் வேண்டாம். அந்த வறண்ட காற்றில் ட்ராப் தண்ணீரும் சீக்கிரம் காய்ந்துவிடும். பாத்திரம் கழுவிய தண்ணீரை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் வடிகட்டிக் கழிப்பறையில் ஊற்றலாம், நாங்கள் அப்படித்தான் சமாளித்தோம்.

கேள்வி: டேங்கில் ஊற்ற ஃபார்மலின் கலந்த திரவம் நல்லதா?

வாடையை அடக்கும், கூடவே கழிவை மக்கவைக்கும் பாக்டீரியாவையும் கொன்றுவிடும். நான் தொடுவதில்லை.

கேள்வி: சிங்க் கேபினட்டைத் திறந்தால் மட்டும் வாடை. குழாய் எங்கும் ஒழுகவில்லை.

உள்ளே குழாய் நுனியில் காளான் மாதிரி ஒரு பிளாஸ்டிக் வால்வ் நிற்கும், காற்றைக் குழாய்க்குள் மட்டும் விட வேண்டியது, வெளியே விடக் கூடாது. அதன் ரப்பர் காய்ந்து மூடாமல் போயிருக்கும். சில டாலர்தான், பெரும்பாலும் கையாலேயே திருகி மாற்றலாம்.

கேள்வி: சுடுதண்ணீரில் மட்டும் அழுகிய முட்டை நாற்றம்.

இது சாக்கடையே இல்லை. பல வாட்டர் ஹீட்டர்களில் துரு பிடிக்காமலிருக்க மெக்னீசியம் கம்பி வைத்திருப்பார்கள், தண்ணீரில் கந்தகச் சத்தும் பாக்டீரியாவும் இருந்தால் இப்படி நாறும். ஹீட்டரை அணைத்து, நன்றாக ஆறவிட்டுக் காலி செய்து கழுவுங்கள், கம்பியை அலுமினியத்துக்கு மாற்றிப் பாருங்கள். ஆனால் குழாயைத் திறக்காமலே அந்த வாடை வந்தால் புரோப்பேன் (அடுப்பு, ஹீட்டருக்கான கேஸ்) கசிவாக இருக்கலாம், கசிந்தால் தெரிவதற்காகவே நாறும் பொருளைக் கலக்கிறார்கள். எல்லோரும் வெளியே இறங்குங்கள், சிலிண்டரை வெளியிலிருந்து மூடுங்கள், சுவிட்சைத் தொடாதீர்கள்.

கேள்வி: நாளைக்கு மாமனார் மாமியார் வருகிறார்கள். இன்றிரவே ஏதாவது?

டேங்கைக் காலி செய்து கழுவுங்கள், எல்லா ட்ராப்பிலும் தண்ணீர் ஊற்றுங்கள். கழிப்பறைக் கிண்ணத்தில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள், நிற்காவிட்டால் ரப்பர் சீல் போய்விட்டது. அப்புறம் ஷவர் ஓட்டை மேல் தண்ணீர் நிரப்பிய ஜிப் பையை வையுங்கள், கிண்ணத்தின் வாயை பிளாஸ்டிக் தாளால் இறுக்கிக் கட்டுங்கள். காலையில் ஒவ்வொன்றாக எடுங்கள், எதை எடுத்ததும் வாடை கிளம்புகிறதோ வழி அங்கேதான். எதையும் எடுக்காமலே நாறினால் கிண்ணம் தரையோடு சேரும் இடத்தை முகர்ந்து பாருங்கள், அவர்கள் வந்து சேர்வதற்கு முன்.