அம்மா ஏன் வண்டி தள்ள வேண்டும்?

கேள்வி: அப்பா 1994-ல் வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் என்னிடம் இருக்கிறது. அவர் தவறி மூன்று வருடம் ஆகிறது. அவர் நினைவாக ஒரு ரப்பர்கூட மாற்றாமல் ஒரிஜினலாக வைத்திருக்கிறேன். ஆறு மாதமாக ஐடிலிங்கில் இன்ஜின் ஆஃப் ஆகிவிடுகிறது. மூன்று மெக்கானிக் பார்த்துவிட்டார்கள். நானும் கார்புரேட்டரில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவை ஒன்றரை, இரண்டு, இரண்டரை சுற்று என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். ஸ்லோ ஸ்க்ரூவை ஏற்றி வைத்தால் ஓடுகிறது. ஆனால் ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் ரேஸ் இறங்க மாட்டேன் என்கிறது. அம்மாவை மூட்டுவலி சிகிச்சைக்கு அழைத்துப் போகும்போது பாலக்கரை சிக்னலில் ஆஃப் ஆகிவிடும். அம்மா இறங்கித் தள்ளுவார், அவருக்கும் பழகிவிட்டது. அப்புறம் பாதி சோக் போட்டு ஆஸ்பத்திரி வரை ஓட்டிவிடுவேன். ஏர் ஸ்க்ரூவைச் சரியாக எத்தனை சுற்றில் வைக்க வேண்டும்? சைலன்சருக்குக் குரோம் போடவும் பணம் சேர்த்திருக்கிறேன்.
பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: ‘அவருக்கும் பழகிவிட்டது.’ இந்த இரண்டு சொற்களை எழுதும்போது உங்களுக்குக் கை நிற்கவில்லையா தம்பி? மூட்டுவலிக்கு வைத்தியம் பார்க்கப் போகிறவர் நடுரோட்டில் இறங்கி, ஏறக்குறைய நூறு கிலோ வண்டியைத் தள்ளுகிறார். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பான். இது யாருக்கும் பழகாது. மகன் மனசு சங்கடப்படக் கூடாதே என்று அம்மா வாயைத் திறக்காமல் இருக்கிறார். அதைப் பழக்கம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள்.

அப்பாவின் வண்டி, தாத்தாவின் வண்டி என்று இந்தப் பகுதிக்கு நிறையக் கடிதங்கள் வருகின்றன. எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: எத்தனை சுற்று? வண்டியில் யார் ஏறுகிறார்கள், அவர்கள் எப்படி வீடு வந்து சேருகிறார்கள் என்பதெல்லாம் ஓரத்தில்தான் வரும். அப்பாவின் நினைவு முதலில் அம்மாவிடம் இருக்கிறது, அப்புறம்தான் வண்டியில். அம்மாவை வருத்தி வண்டியை ஒரிஜினலாக வைத்திருப்பது அப்பாவுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

இனி வண்டிக்கு வருகிறேன். பாதி சோக் போட்டால் ஓடுகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். விடை அதிலேயே இருக்கிறது. உங்கள் மிக்குனி கார்புரேட்டரில் சோக் என்பது காற்றை அடைக்கும் தகடு அல்ல; தனி வழி திறந்து கூடுதலாகப் பெட்ரோல் கொடுக்கிற ஏற்பாடு. அந்தக் கூடுதல் பெட்ரோல் கிடைத்தால்தான் இன்ஜின் நிதானமாக ஓடுகிறது என்றால், சோக் இல்லாதபோது பெட்ரோல் போதவில்லை, அல்லது வேண்டாத வழியில் காற்று நுழைகிறது. ஆக்சிலரேட்டரை விட்டும் ரேஸ் இறங்காததற்கும் அதே காரணம்தான். கலவை லீனாக, அதாவது காற்று அதிகமாகவும் பெட்ரோல் குறைவாகவும், இருக்கிறது. நீங்களோ ஏர் ஸ்க்ரூவை இரண்டு, இரண்டரை என்று வெளியே எடுத்துக்கொண்டே போயிருக்கிறீர்கள். இந்த வண்டியில் ஏர் ஸ்க்ரூவை வெளியே எடுத்தால் காற்று கூடும். லீனாக இருப்பதை இன்னும் லீன் ஆக்கியிருக்கிறீர்கள். (நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள் பலவற்றில் ஸ்க்ரூ இன்ஜின் பக்கம் இருக்கும், அங்கே வெளியே எடுத்தால் பெட்ரோல் கூடும். நண்பர்கள் சொல்வதைக் கேட்டுத் திருப்புவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.)

டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் இதைத் தள்ளிப்போட முடியாது. காற்றுக் கசிவு இருந்தால் வேகத்திலும் கலவை லீன் ஆகும், ஹெட் கொதிக்கும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஓடுகிற வேகத்தில் பிடித்தால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். பின்சீட்டில் அம்மா.

ஒரு ரப்பர்கூட மாற்றவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, நான் முதலில் சந்தேகப்படுவது அந்த ரப்பரைத்தான். கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்கும் மேனிபோல்டு ரப்பரை விரலால் லேசாக வளைத்துப் பாருங்கள். முப்பது வருடச் சூட்டில் காய்ந்து, மடிப்புக்குள் மயிரிழை போல வெடித்திருக்கும். நிமிர்ந்த நிலையில் கண்ணுக்குத் தெரியாது. வண்டியை ஓடவிட்டு, அந்த இடத்தில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விடுங்கள். ஐடிலிங் சத்தம் மாறினால் அங்கேதான் காற்று இழுக்கிறது. பெட்ரோல் தெளித்துச் சோதிக்கச் சொல்பவர்களும் உண்டு. சூடான இன்ஜின் மேல் அந்த வேலை வேண்டவே வேண்டாம். ரப்பரை மாற்றிய பிறகும் தீரவில்லை என்றால் மேக்னட் பக்கத்து கிராங்க் ஆயில் சீலைப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் வழியாகவும் காற்று உள்ளே போகும்.

அடுத்தது பைலட் ஜெட், ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையுள்ள பித்தளைத் துண்டு. கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் வட்டமான துளை தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் கிளீனரில் ஊறப்போட்டு ஏர் அடியுங்கள். கேபிள் கம்பியை விட்டுக் குத்த யாரையும் விடாதீர்கள். பித்தளைத் துளை பெரிதாகிவிட்டால் ஜெட்டையே மாற்ற வேண்டியதுதான். மூன்று மெக்கானிக் பார்த்திருக்கிறார்கள் என்பதால், யாராவது ஏற்கெனவே கம்பி விட்டுக் குத்தினார்களா என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இவை முடிந்த பிறகுதான் ஸ்க்ரூவில் கை வைக்க வேண்டும். ஏர் ஃபில்டர் சுத்தமாக, அதன் இடத்திலேயே இருக்கட்டும். பத்து நிமிடம் ஓட்டி இன்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். சோக் கொஞ்சம்கூடப் போட்டிருக்கக் கூடாது. ஸ்லோ ஸ்க்ரூவை, வண்டி ஆஃப் ஆகாத அளவுக்கு மட்டும் இறக்குங்கள். நீங்கள் அதை அவ்வளவு ஏற்றி வைத்திருந்ததால் கார்புரேட்டருக்குள் காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடு தூக்கிக்கொண்டது, ஏர் ஸ்க்ரூவுக்கு அங்கே வேலையே இல்லாமல் போய்விட்டது. நீங்கள் திருப்பிய திருப்பெல்லாம் வீணானதில் அதற்கும் பங்கு உண்டு. இன்ஜினை நிறுத்திவிட்டு ஏர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே, அது உட்காரும்வரை திருப்புங்கள். இறுக்கினால் முனை தேய்ந்துவிடும். அங்கிருந்து ஒன்றரை சுற்று வெளியே எடுத்து, மறுபடி ஸ்டார்ட் செய்து, கால் கால் சுற்றாகத் திருப்புங்கள். ஒவ்வொரு முறையும் சில நொடி நின்று சத்தத்தைக் கேளுங்கள். இன்ஜின் தானாக உயர்ந்து, சீராக ஓடும் இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்திவிட்டு ஸ்லோ ஸ்க்ரூவால் ஐடிலிங்கை இறக்கிக்கொள்ளுங்கள். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று திருகி விட்டால் தடுமாறாமல் ஏறி, விட்டவுடன் இறங்க வேண்டும்.

அந்த இடம் ஒன்றரையிலேயே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்கள் வண்டி பிறந்தபோது பெட்ரோலில் எத்தனால் கலக்கவில்லை. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அதிலேயே ஆக்சிஜன் இருப்பதால் பழைய செட்டிங் கொஞ்சம் லீனாகத்தான் நிற்கும். ஸ்க்ரூ சற்று உள்ளே போக நேரலாம். பழைய ரப்பருக்கும் இந்தப் பெட்ரோல் ஆகாது. அரைச் சுற்றுக்கும் கீழே போனால்தான் நன்றாக ஓடுகிறது என்றால் ஜெட் இன்னும் அடைத்திருக்கிறது, அல்லது கசிவு தீரவில்லை. எவ்வளவு திருப்பினாலும் சத்தத்தில் மாற்றமே இல்லை என்றால் உள்வழி மூடிக்கிடக்கிறது, கார்புரேட்டர் மறுபடி கழல வேண்டும்.

குரோம் பணத்தை எடுத்து மேனிபோல்டு ரப்பரும் சீலும் வாங்குங்கள். மீதியை அம்மாவின் ஆட்டோவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வண்டி சரியாகும்வரை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோதான், அதுவும் வீட்டு வாசலிலிருந்து. சரியான பிறகும் முதல் ஒரு வாரம் நீங்கள் மட்டும் ஓட்டுங்கள், பாலக்கரை வழியாகவே, நல்ல நெரிசல் நேரத்தில். ஒருமுறைகூட ஆஃப் ஆகவில்லை, சோக்கைத் தொடவில்லை என்றால் அம்மாவை ஏற்றிக்கொள்ளுங்கள். ஆனால் பின்சீட்டில் காலைத் தூக்கிப்போட்டு ஏறி இறங்க அவர் மூட்டு தாங்குமா என்று டாக்டரிடம் இந்த முறை நீங்கள் கேளுங்கள். அம்மாவைக் கேட்டால் தாங்கும் என்றுதான் சொல்வார்.