கேட்டீங்க, சொல்றேன்: 28 நாள்ல முடியற மாசம்

தேனி வாசகி ஒருத்தர்: ஐபோன்ல டைப்-சி சார்ஜர் ஓட்டை வந்தது ஆப்பிளுக்கே தோணினதா, ஐரோப்பா காதைத் திருகினதா?

திருகினதுதான். 2009லயே ஐரோப்பிய கமிஷன் போன் கம்பெனிகளைக் கூப்பிட்டு நீங்களே பேசி ஒரே சார்ஜருக்கு வந்துருங்கப்பான்னு தன்மையா சொல்லிப் பாத்துச்சு, மத்தவங்க மைக்ரோ யூஎஸ்பிக்கு வந்தாங்க, ஆப்பிள் ஒரு அடாப்டரைக் காட்டிட்டு நழுவிருச்சு, 2012ல லைட்னிங்னு சொந்தமா ஒண்ணு கொண்டுவந்து பத்து வருஷத்துக்கு மேல ஓட்டுச்சு. கடைசில 2022 அக்டோபர்ல ஐரோப்பிய பார்லிமென்ட்ல 602க்கு 13னு ஓட்டு விழுந்துச்சு, 2024 டிசம்பர் 28ல இருந்து அங்க விக்கிற புது போன்ல டைப்-சி தான் இருக்கணும்னு சட்டம். புதுமைக்குத் தடைன்னு புலம்பின அதே ஆப்பிள், கெடுவுக்கு ஒரு வருஷம் முன்னாடியே ஐபோன் 15ல போட்டுருச்சு. எங்க வீட்டு டிராயர்ல பொண்ணோட பழைய போன் ஒயர் மூணு இன்னும் கிடக்கு, நுனி பிஞ்சு இன்சுலேஷன் டேப் சுத்தினது, தூக்கிப்போட மனசு வரல.

திருப்பூர் வாசகர்: பாக்ஸ்ல சார்ஜரே இல்லையே, அதை யாரும் கேக்க மாட்டாங்களா?

பிரேசில் கேட்டுச்சு. 2020ல ஐபோன் 12 வந்தப்ப சுற்றுச்சூழலைக் காப்பாத்தறோம்னு சார்ஜரை எடுத்தாங்க, சார்ஜர் இல்லாம விக்கக்கூடாதுன்னு 2022ல பிரேசில் அரசு தடையே போட்டுச்சு. சுற்றுச்சூழல் மேல அவ்ளோ அக்கறைன்னா அந்த சார்ஜர் காசைக் குறைச்சிட்டு விக்க வேண்டியதுதானே?

மதுரை வாசகி, "ஓய்வுபெற்ற டீச்சர்": ரீசார்ஜ்ல 28 நாள்ங்கறது எந்த ஊர் மாசம்?

டீச்சர், கணக்கு உங்களுக்கே தெரியும். 28ஐ 13ஆல பெருக்குனா 364. வருஷத்துக்கு 12 மாசம், ரீசார்ஜ் மட்டும் 13. போன் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தற டிராய் ஆணையம் 2022 ஜனவரில ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் பிளான் ஒண்ணு, மாசா மாசம் அதே தேதில வர்ற பிளான் ஒண்ணு வெச்சே ஆகணும்னு உத்தரவு போட்டுச்சு, வெச்சாங்க, ஆனா ஆப்பைத் திறந்தா கண்ணுக்கு முன்னாடி நிக்கறது என்னமோ 28தான்.

எங்க அம்மா வெச்சிருக்கறது பட்டன் போன், பச்சை பட்டன் மட்டும் அழிஞ்ச மாதிரி தேய்ஞ்சிருக்கும், அதுல நெட்டே கிடையாது, ஆனா தினம் ஒன்றரை ஜிபி டேட்டாக்கு வருஷக்கணக்கா காசு கட்டிட்டு இருந்தேன். 2024 டிசம்பர்ல டிராய் திரும்ப தலையிட்டு, பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் போதும்ங்கறவங்களுக்குத் தனி பேக் குடுன்னு சொன்ன பிறகுதான் மாத்தினேன். அதையும் ரீசார்ஜ் கடைப் பையன் வாயைத் திறந்து சொல்லல, நானா கேட்டதுக்கு ஸ்கிரீனை கீழ கீழ தள்ளிட்டே போயி கடைசில காட்டினான். அம்மாக்கு இதெல்லாம் தெரியாது, "ஏண்டா இந்த மாசம் காசு கட்டலயா, போன் கட் ஆயிராதா"ன்னு இன்னும் கேக்கறாங்க.

சேலம் வாசகர்: எல்லாத்துலயும் அரசு வரணும்ங்கறீங்க, அப்ப மத்திய அரசோட சஞ்சார் சாத்தி ஆப்புக்கு மட்டும் ஏன் அவ்ளோ கூச்சல்?

நான் எங்க சார் எல்லாத்துலயும் வரச் சொன்னேன்? ஒயர் எப்படி இருக்கணும், ரீசார்ஜ் எத்தனை நாள், இதெல்லாம் கம்பெனிக்கும் நமக்கும் நடுவுல இருக்கற பஞ்சாயத்து, அங்க வரட்டும். சஞ்சார் சாத்தி நல்ல ஆப்தான், தொலைஞ்ச போனை பிளாக் பண்ண உதவுது, நானே ஒருத்தருக்கு எறக்கிக் குடுத்திருக்கேன். ஆனா 2025 நவம்பர் 28ல தொலைத்தொடர்புத் துறை, இனி வர்ற எல்லா போன்லயும் 90 நாளைக்குள்ள இது முன்கூட்டியே இருக்கணும், அதோட வேலையை முடக்க முடியக்கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. அப்புறம் மந்திரி வேணாம்னா அழிச்சுக்கலாம்னார், டிசம்பர் 3ல உத்தரவே வாபஸ். வேணும்ங்கறவன் தானா எறக்கிக்கிட்டா அது ஆப், கேக்காம உள்ள வந்து உக்காந்தா அது வேற ஆளு.

காரைக்குடி வாசகர்: ஹெட்போன் ஓட்டைக்கும் சட்டம் கேட்டா என்ன?

வேணாம் சார். ஐபோன்ல 2016லயே அடைச்சாங்க, ஆனா ஓட்டை இருக்கற போன் இன்னும் கடைல கிடைக்குது, நான் வெச்சிருக்கறதும் அதுதான். ஹெட்போன்ல ஒரு காதுதான் கேக்குது, அது என் தப்பு, துணியோட துவைச்சிட்டேன்.