மூலத்தைவிட உங்கள் மனதில் நின்ற ரீமேக் எது? ஏன்?

கேள்வி கேட்டவர் கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: நாவலில் இருந்து எடுத்த படங்கள், இரண்டாம் பாகங்கள் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று. அதற்குக் கீழே வருகிறேன். முதல் கேள்விக்கு எனக்கு யோசிக்கவே வேண்டாம். கமல் நடித்த 'பாபநாசம்', மலையாள 'த்ருஷ்யம்' படத்தின் ரீமேக்.

எனக்குச் சொந்த ஊர் விக்கிரமசிங்கபுரம். பாபநாசம் கோயிலுக்கு எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். அதனால் ஊர்ப் பாசத்தில் சொல்கிறேன் என்று தோன்றும். உண்மையில் அந்தப் படத்துக்குப் போகும்போது எனக்குக் கோபம்தான் இருந்தது. 2014 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அத்தான் 'த்ருஷ்யம்' படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். இடைவேளைக்கு அப்புறம் அரங்கில் ஒரு சத்தம் இல்லை. நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய கேபிள் டிவிக்காரன் ஜார்ஜ்குட்டி, தான் பார்த்த சினிமாக்களில் கற்றதை வைத்தே குடும்பத்தைக் கொலை வழக்கில் இருந்து காப்பாற்றுகிறான். சினிமாப் பைத்தியம் பிடித்த எங்களைப் போன்றவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? மோகன்லால் அந்த வேஷத்தை அவ்வளவு அடக்கமாகச் செய்திருந்தார். இதை எதற்குத் திரும்ப எடுக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

2015 ஜூலையில் தமிழில் வந்தது. அம்பாசமுத்திரத்தில் ஒரு தியேட்டருக்கு ஆச்சியையும் அழைத்துக்கொண்டு போனேன். அவள் தியேட்டருக்கு வந்து பல வருஷம் ஆகியிருந்தது. "நம்ம ஊர்ப் பேர வச்சிருக்கானாம்லா, போவோம்" என்று கிளம்பிவிட்டாள். உட்கார்ந்ததும் வழக்கம்போல வெற்றிலையை மடித்து வாயில் அதக்கிக்கொண்டாள். கமல் பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் என் பக்கம் சாய்ந்து, "இவன் நம்ம பக்கத்துப் பையனால்லா பேசுதான்" என்றாள். அதற்கப்புறம் பேச்சே இல்லை. சின்னப் பிள்ளையைப் போலீஸ்காரன் அடிக்கிற இடம் வந்தபோது என் கையைப் பிடித்தாள் பாருங்கள், வாட்ச் சங்கிலி மணிக்கட்டில் பதிந்துவிட்டது. படம் முடிந்து விளக்கு எரிந்தபோது பார்த்தேன். அதக்கின வெற்றிலை கன்னத்தில் அப்படியே இருந்தது, மென்றிருக்கவில்லை.

நான் கொண்டுபோன கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் இதைத்தான் யோசித்தேன். கதை மாறவில்லை. காட்சி வரிசைகூடப் பெரிதாக மாறவில்லை. இயக்குநர் அதே ஜீத்து ஜோசப். இளைய மகளாக நடித்த எஸ்தர் அனிலும் அதே பிள்ளைதான். மலையாளம், தெலுங்கு, தமிழ் மூன்றிலும் அவரே. ஐ.ஜி.யாக வரும் ஆஷா சரத்தும் மலையாளத்தில் செய்த அதே வேஷத்தைத்தான் தமிழிலும் செய்தார். பின்னே எது மாறியது? மனிதர்கள் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடுகிற விதம் மாறியது. என்னைக் கேட்டால், ரீமேக்கில் மொழிபெயர்க்க வேண்டியது அது ஒன்றைத்தான்.

எங்கள் பக்கம் 'ஏல' என்கிற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா பிள்ளையைக் கூப்பிட்டால் அது செல்லம். சிநேகிதன் கூப்பிட்டால் உரிமை. காக்கிச் சட்டை போட்டவர் ஸ்டேஷனில் வைத்து, பிள்ளைகள் பார்க்க ஒரு குடும்பத் தலைவனை அப்படிக் கூப்பிட்டால் அது செருப்படி. 'அண்ணாச்சி' என்றால் அதில் வயசு, மரியாதை, கொஞ்சம் விலகி நிற்கும் தூரம் எல்லாம் சேர்ந்திருக்கும். இந்த அளவுகள் பிசகினால், கதை எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் குடும்பம் பொய்க் குடும்பமாகிவிடும். பாபநாசத்துக்கு வசனம் ஜெயமோகன். நெல்லைப் பேச்சுக்குத் துணை நின்றவர் எங்கள் ஊர் எழுத்தாளர் சுகா. மாமனாராக வந்த டெல்லி கணேஷ் பெயரில்தான் டெல்லி, ஆள் வல்லநாட்டுக்காரர். அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது. கமலின் பேச்சு ஒன்றிரண்டு இடத்தில் தூக்கலாகத்தான் இருந்தது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் ஆச்சிக்கு அது உறுத்தவில்லை. எனக்கு அவள் காதுதான் அளவுகோல்.

பெயர் வைத்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜார்ஜ்குட்டி தாய் தகப்பன் இல்லாமல் தானாக எழுந்து வந்தவன். அந்த ஆளுக்குத் தமிழில் 'சுயம்புலிங்கம்' என்று பேர். சுயம்பு என்றாலே தானாகத் தோன்றியதுதான், அதோடு எங்கள் பக்கம் தெருவுக்கு ஒரு சுயம்பு உண்டு. படத்தின் பேர் அதைவிட ஆழமான மாற்றம். த்ருஷ்யம் என்றால் காட்சி, கண்ணால் பார்ப்பது. கண்ணால் பார்த்ததை நம்பலாமா என்பதுதான் மலையாளப் படத்தின் கேள்வி. பாபநாசம் என்றால் பாவம் அழிகிற இடம். (தஞ்சாவூர்ப் பக்கமும் ஒரு பாபநாசம் உண்டு, இது அது இல்லை.) பொதிகையில் இருந்து தாமிரபரணி இறங்கி வருகிற இந்தத் துறையில் ஆடி அமாவாசைக்கு ஜனம் முங்கி எழுவது எதற்கு? அந்தப் பேரை வைத்ததுமே கேள்வி, செய்த பாவம் எப்படிக் கழியும் என்று திரும்பிவிட்டது.

அதனால்தான் கடைசிப் பகுதியில், செத்துப்போன பையனின் தாய் தகப்பனைச் சந்திக்கிற காட்சியில், மோகன்லால் அடக்கிக்கொண்ட இடத்தில் கமல் உடைந்து அழுதார் என்று நினைக்கிறேன். இதை வைத்து எங்கள் செட்டில் எத்தனை சண்டை! வேலை முடிந்து ராத்திரி திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை டீக்கடையில் நாலைந்து பேர் கூடுவோம். அதில் ஒரு அண்ணாச்சி பழைய சினிமா ஆபரேட்டர். முப்பது வருஷம் ஓட்டை வழியாகத் திரையைவிட ஜனத்தைத்தான் அதிகம் பார்த்தேன் என்பார். "முறுக்கு மெல்லுற சத்தம் எங்க நிக்கோ, அங்கதாம்வே படம் இருக்கு" என்பது அவர் கணக்கு. கமல் அழுகை அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த ஒரு காட்சியை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் எனக்கும் மோகன்லால்தான் பெரிது. ஆனால் பாபநாசம் என்று பேர் வைத்த படத்தில் அந்த மனுஷன் அழாமல் போயிருந்தால் பேர் சும்மா பலகையில் எழுதினதாகிவிடும்.

எங்கள் பக்கத்துக் கதைகள் வெளியே போனதும் நிறைய. ஹரி திருநெல்வேலியில் வைத்து எடுத்த 'சாமி' 2003ல் வந்தது. அடுத்த வருஷமே தெலுங்கில் பாலகிருஷ்ணா, அப்புறம் கன்னடத்தில் தர்ஷன், 2013ல் 'போலீஸ்கிரி' என்று ஹிந்தியில் சஞ்சய் தத். 'சிங்கம்' 2011ல் ஹிந்திக்குப் போனது, அஜய் தேவ்கன் நடித்தார். ஹிந்தி த்ருஷ்யமும் அவர்தான். இரண்டு கதையும் கோவாவில் போய் இறங்கின. விரட்டிப் பிடிக்கிற போலீஸ் கதை எந்த ஊரிலும் ஓடும், அதில் எனக்கு வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை.

ஆனால் 'பரியேறும் பெருமாள்' வேறு. மாரி செல்வராஜின் 2018 படம், 2025ல் ஹிந்தியில் 'தடக் 2' என்று வந்தது. பேரைப் பார்த்தால் இரண்டாம் பாகம், உள்ளே ரீமேக். முதல் 'தடக்' மராத்தி 'சைராட்'டின் ரீமேக், அந்தக் கதைக்கும் இதற்கும் தொடர்ச்சி கிடையாது. கதை போபாலுக்கு மாறியிருந்தது. அங்கே இருக்கிற சாதிக் கொடுமையைப் பேச வேண்டும் என்று எடுத்தவர்கள் நினைத்ததை நான் மதிக்கிறேன். அதைப் பேசுகிற கதையை ஹிந்தியில் எடுத்ததே நல்ல காரியம். இருந்தும் பார்த்து முடித்ததும் எனக்கு நெல்லை தங்கராஜ் அண்ணாச்சி ஞாபகம்தான். தமிழ்ப் படத்தில் நாயகன் பரியனின் அப்பாவாக வந்தவர். நிஜமாகவே பெண் வேஷம் கட்டிக் கோயில் கொடைகளில் ஆடின கலைஞர். 2023ல் காலமாகிவிட்டார். கல்லூரியில் அந்த மனிதரை அவமானப்படுத்துகிற காட்சியில் அவர் ஓடுவார் இல்லையா, ஆட்டக்காரர் ஒருவர் ஓடுகிற ஓட்டம் அது. அந்த உடம்பை ரீமேக் உரிமையோடு சேர்த்து எழுதிக் கொடுக்க முடியாது. நல்ல நடிகர் கிடைப்பார், தங்கராஜ் கிடைக்கமாட்டார்.

இரண்டாம் பாகங்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. 'சாமி ஸ்கொயர்' 15 வருஷம் கழித்து வந்தது. புவனாவாகத் திரிஷா இருந்த இடத்தில் ஐஸ்வர்யா ராஜேஷ். அவர் நல்ல நடிகை, குறை அவர்மேல் இல்லை. ஆனால் நாங்கள் காலேஜ் படிக்கிற வயசில் பார்த்துப் பழகின முகம் ஒன்று இருக்கிறது, அதை இறக்கி வைத்துவிட்டு வேறு முகத்தைப் புவனா என்று கூப்பிட மனசு வரவில்லை. இங்கேயும் கூப்பிடுவதில்தான் சிக்கல்.

நாவல் தழுவலுக்கு வருகிறேன். இங்கே என் பதில் 'உதிரிப்பூக்கள்'. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யில் இருந்து மகேந்திரன் 1979ல் எடுத்தது. புதுமைப்பித்தன் எங்கள் இந்துக் கல்லூரியில் படித்தவர், குடும்ப வீடு வண்ணாரப்பேட்டை. நாங்கள் டீ குடிக்கிற இடத்தில் இருந்து கூப்பிடு தூரம் என்று நினைக்கும்போதே எனக்கு உடம்பு சிலிர்க்கும். கதையில் சுந்தரவடிவேலு பட்டணத்துப் பேராசிரியர். படத்தில் அதே பேர் உள்ளவன் கிராமத்துப் பள்ளிக்கூடத்தை நடத்துகிறவன், ஊரையே நடுங்க வைக்கிறவன். சம்பவங்கள் ஏறக்குறைய எல்லாமே வேறு. எடுத்துக்கொண்டது தாயில்லாத இரண்டு பிள்ளைகளின் தனிமையை மட்டும். நாவலை அப்படியே எடுத்தார்களா இல்லையா என்று சண்டை போடுகிறவர்கள் கதையைப் படித்துவிட்டு அடுத்தே படத்தையும் பார்க்க வேண்டும். கதையைப் படித்தால் ஒரு மணி நேரம் பேசத் தோன்றாது. படம் முடிந்து அந்தப் பிள்ளைகள் ஆற்றங்கரையில் போகும்போதும் அதே கனம்தான். அது போதும் எனக்கு. மண்ணோடு ஒட்டி எடுத்ததற்கு இன்னொரு உதாரணம், இடைசெவல் எழுத்தாளர் கி.ரா.வின் (கி. ராஜநாராயணன்) 'கிடை'யை அம்ஷன் குமார் 'ஒருத்தி' என்று எடுத்தது. 2003ல் வந்தது. அதிகம் பேர் பார்க்கவில்லை, கிடைத்தால் பாருங்கள்.

பாபநாசத்துக்கு இரண்டாம் பாகம் தமிழில் இதுவரை வரவில்லை. மலையாள 'த்ருஷ்யம் 2' 2021 பிப்ரவரியில் ஓடிடியில் வந்தது. நான் போனில் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆச்சி வந்து, என்ன படம் என்று கேட்டாள். சுயம்பு கதையின் அடுத்த பாகம், மலையாளம் என்றேன். "அப்ப எனக்குச் சொல்லு" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு மலையாளமும் வராது, அந்தச் சின்னத் திரையும் தெரியாது. அதனால் ஜார்ஜ்குட்டி வருகிற இடத்தில் எல்லாம் சுயம்பு என்றே வைத்துச் சொல்லிக்கொண்டு போனேன்.

"சுயம்பு இப்ப தியேட்டர் வச்சிருக்கான் ஆச்சி."

"எங்க? அம்பாசமுத்திரத்திலயா?"

நான் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "ஆமா, அம்பைலதான்" என்றேன். அவளுக்குச் சந்தோஷம். பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள், பெரியவளுக்கு அந்தப் பயம் போச்சா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சொன்னேன். அப்புறம், சுயம்பு இப்போது குடிக்க ஆரம்பித்துவிட்டான் என்று சொன்னேன்.

ஆச்சி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"சுயம்பு குடிக்க மாட்டாம்லே. நீ வேற எவன் கதையவோ சொல்லுத."