காதல் வந்தால் கதை ஏன் படுத்துவிடுகிறது?

கேள்வி: இரு ஆண்களின் காதலும் குற்றமும் கலந்த ஆங்கில விறுவிறுப்பு நாவல்களை, அதிலும் எங்கும் ஒட்டாத சிலர் ஒரு குழுவாகச் சேரும் கதைகளை, விரும்பிப் படிக்கிறேன். அதே வகையில் ஐந்து பேர் கொண்ட திருட்டுக் கும்பலை வைத்துத் தமிழில் ஒரு நாவல் எழுதிவருகிறேன். காதல் காட்சி வந்தாலே கதை படுத்துவிடுகிறது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இந்தக் கதைகளில் வாசகரைப் பிடித்துவைப்பது எது? நான் எதைத் திருத்த வேண்டும்?

பதில்: காதலுக்கு ஓர் அத்தியாயம், ஆபத்துக்கு ஓர் அத்தியாயம் என்று மாற்றி மாற்றி எழுதும்போதுதான் பெரும்பாலும் இந்தக் குறை நேர்கிறது. இவ்வகைக் கதையில் இரண்டும் பிறப்பது ஒரே கேள்வியிலிருந்து: யாரை, எதுவரை நம்பலாம்? எதிரிக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று நாயகன் மறைக்கும் உண்மையைத்தான் அவன் காதலனிடமும் சொல்லியாக வேண்டும். சொன்னால் உயிருக்கு ஆபத்து, சொல்லாவிட்டால் அந்த உறவே பொய்.

நோரா சகாவிச் 2013இல் தாமே வெளியிட்டுத் தொடங்கிய ‘ஆல் ஃபார் த கேம்’ நாவல் வரிசையைப் பாருங்கள். கொலைகாரத் தந்தையிடமிருந்து ஓடிக்கொண்டிருக்கும் நீல், பொய்ப் பெயருடன், தலைமுடிக்குச் சாயம் பூசி, கண்ணின் நிறத்தை லென்ஸால் மறைத்து, ஒரு பல்கலைக்கழக விளையாட்டு அணியில் சேர்கிறான். சிதைந்த குடும்பங்களிலிருந்து வந்தவர்களையே அந்த அணியின் பயிற்சியாளர் வேண்டுமென்று பொறுக்கிச் சேர்த்திருக்கிறார். அங்கே சக வீரன் ஆண்ட்ரூவும் நீலும் ஓர் உண்மைக்கு ஓர் உண்மை என்று பண்டமாற்று செய்துகொள்கிறார்கள். ஒவ்வொரு பதிலிலும் துப்பு ஒன்று வெளிப்படுகிறது, இடைவெளியும் ஒரு விரல் குறைகிறது. பிறகு ஆண்ட்ரூ ஒரு வீட்டுச் சாவியைத் தருகிறான்; நிலையாக ஓரிடத்தில் தங்கியறியாதவனுக்கு அது முத்தத்தைவிடக் கனமான பொருள். (அந்த விளையாட்டு ஆசிரியரின் கற்பனை, அதன் விதிகள் எனக்கு இன்றும் முழுதாகப் பிடிபடவில்லை, அது ஒரு குறையாகவும் தோன்றவில்லை. ஆனால் கதையில் பாலியல் வன்முறை உண்டு. பிறருக்குப் பரிந்துரைக்கும்போது முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.)

குழு எதற்கு? பிறந்த வீடு வெளியே தள்ளியவனுக்கு இந்தக் குழுதான் வீடு. ஆகவே அது உடைந்தால் திருட்டுத் திட்டம் மட்டும் உடைவதில்லை. தானாகத் தேர்ந்துகொண்ட குடும்பம் என்ற கருத்தைச் சென்னை உயர் நீதிமன்றமே 2025 மே மாதம், இரு பெண்கள் தொடர்பான வழக்கொன்றில் ஏற்றுப் பேசியிருக்கிறது என்பதால், தமிழ் வாசகருக்கு அது அந்நியமாக இருக்கும் என்று தயங்க வேண்டியதில்லை.

இன்னொரு ஈர்ப்பு, முடிவு குறித்த உறுதி. ஆங்கில எழுத்தாளர் இ. எம். ஃபார்ஸ்டர் 1913–14இல் எழுதிய ‘மாரிஸ்’ நாவலில் இரு ஆண்களையும் பிரிக்காமல் சேர்த்துவைத்தார். அவர் இறந்த பிறகு, 1971இல்தான் அது அச்சேறியது. அமெரிக்காவில் 1950களின் மலிவு விலைப் பதிப்பாளர்கள் சிலர், தபால் துறையின் தணிக்கைக்கு அஞ்சி, தன்பால் காதலுக்கு நல்ல முடிவு தரக் கூடாது என்றே நிபந்தனை வைத்தார்கள். அந்தச் சாவுகளையும் பிரிவுகளையும் படித்துச் சலித்தவர்களுக்கு, இருவரும் பிழைப்பார்கள் என்ற வாக்குறுதி பெரிய ஆறுதல். அதை நம்பித்தான் எவ்வளவு கொடிய இக்கட்டுக்குள்ளும் வாசகர்கள் உங்களுடன் வருவார்கள். பிழைப்பதற்கு என்ன விலை என்பதை மட்டும் கடைசிவரை மறைத்துவையுங்கள். அதிர்ச்சிக்காக இருவரில் ஒருவரைக் கொன்றுவிடாதீர்கள்.

கதை நிகழும் காலத்தையும் முடிவு செய்துகொள்ளுங்கள். இங்கிலாந்தில் ஆண்களுக்கிடையே எவ்விதப் பாலுறவையும் குற்றமாக்கிய 1885ஆம் ஆண்டுச் சட்டம், மிரட்டிப் பணம் பறிப்பவர்களுக்கு வசதியான ஆயுதமாயிற்று. அக்கால லண்டன் கதையில் ஒரு காதல் கடிதம் எதிரி கையில் சிக்கினாலே போதும். இன்றைய இந்தியாவில், வயதுவந்தோர் மனமொத்துக் கொள்ளும் தன்பால் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று அளித்த 377ஆம் பிரிவுத் தீர்ப்புக்குப் பிறகு, சிறைக்கு அனுப்பிவிடுவேன் என்ற மிரட்டல் எடுபடாது; அம்மாவிடம் சொல்லிவிடுவேன் என்பது எடுபடும். ஆயினும் தன்பாலீர்ப்பையே நாயகனின் ஒரே ரகசியமாக்க வேண்டாம். கும்பலுக்கு அது ஏற்கெனவே தெரியும், யாரும் பொருட்படுத்தவில்லை என்றே தொடங்கி, அவனுக்கு வேறொரு ரகசியத்தைக் கொடுங்கள்.

இனித் திருத்தம். ஒவ்வொரு காதல் காட்சியிலும் திருட்டுத் திட்டத்தில் என்ன மாறியது என்று கேளுங்கள். ஒன்றும் மாறவில்லை என்றால் அங்கேதான் கதை படுத்துவிடுகிறது. காயத்துக்குக் கட்டுப்போடும் காட்சி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடி கிழித்தது என்று அடிபட்டவன் சொல்கிறான். துணியை விலக்கிப் பார்ப்பவனுக்கு அது கத்திக்குத்து என்று தெரிகிறது. அவன் ஒன்றும் கேட்காமல் கட்டி முடித்து, மற்றவர்களிடமும் கண்ணாடி என்றே சொன்னால், அந்த ஒரு பொய்யில் காதலும் நகர்கிறது, துரோகத்துக்கும் வழி திறக்கிறது.

மற்ற மூவரையும் தூது போகவும் கிண்டல் செய்யவும் மட்டும் பயன்படுத்தாதீர்கள். ஆபத்து என்று வந்தால் இந்த இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டு எங்களை விட்டுவிடுவார்கள் என்று அவர்களில் ஒருவராவது பயப்பட வேண்டும். அந்தப் பயம் நியாயமானது. நாவலின் நடுப்பகுதியில் ஒருமுறை அதை மெய்யாக்கிவிடுங்கள்.