ஓப்பரேட்டர் அக்கா பதில்கள்: ராத்திரி ஒன்றரை மணி மூச்சு

பினாங்கில் டெலிபோன் ஓப்பரேட்டராக 1978-இல் வேலைக்குச் சேர்ந்தவள் நான். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஊரார் அழைப்பை எல்லாம் எடுத்தே பாதி ஆயுள் போயிற்று. அந்த உரிமையில்தானோ என்னவோ, போன் தொல்லை பற்றி வந்த கடிதங்களை எல்லாம் ஆசிரியர் ஒரே கட்டாகக் கட்டி, ஜெலுத்தோங்கில் இருக்கும் என் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஐந்து கடிதங்களுக்குத்தான் இந்த முறை இடம். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

*

அக்கா, செந்தூலில் ரூம் எடுத்துத் தங்கி ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறேன். வயது 26. மூன்று வாரமாக ராத்திரி ஒரு மணிக்கும் இரண்டரைக்கும் நடுவில் 'பிரைவட் நம்பர்' என்று போன் வருகிறது. எடுத்தால் பேச்சில்லை, மூச்சு மட்டும். திட்டினேன், அழுதேன். ஒரு நாள் கூட்டாளியை விட்டு மிரட்டச் சொன்னேன். அன்று ஆறு முறை வந்தது. அம்மா சுங்கைப்பட்டாணியில் டயாலிசிஸ் செய்துகொள்கிறார், அதனால் போனை அடைத்து வைக்கவும் முடியவில்லை. போன் கடைக்காரர் நம்பரை மாற்றச் சொல்கிறார். எனக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் 'யார் அது, அந்த நேரத்தில்?' என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.
வாசகி, செந்தூல்

தங்கச்சி, நம்பரை மாற்றாதே. வங்கி, ஈ.பி.எஃப் சேமநிதி, அம்மாவின் ஆஸ்பத்திரி எல்லாம் அந்த நம்பரில்தான் இருக்கும். ஒரு கிறுக்கனுக்காக இத்தனை இடத்துக்கு நீ ஏன் அலைய வேண்டும்?

எங்கள் காலத்தில் 103-க்கு அடித்தால் டெலிபோன் நம்பர் கேட்கலாம். நைட் ஷிஃப்டில் சிலர் நம்பர் கேட்க அடிக்கமாட்டார்கள், மூச்சுவிட அடிப்பார்கள். புதிதில் நான் கத்தினேன். ஒரு நாள் 'உனக்கு அக்கா தங்கச்சி இல்லையா?' என்று கேட்டு அழுதும் தொலைத்தேன். அவன் அடுத்த பத்து நிமிஷத்தில் மறுபடியும் அடித்தான். எங்கள் சூப்பர்வைசர், வயதான சீனத்து அம்மா, என் பின்னால் வந்து நின்று, லைனை எடுத்துவிட்டுச் சொன்னார்: 'அவன் உன்னைத் தேடி அடிக்கவில்லை. உன் குரல் மாறுவதைக் கேட்க அடிக்கிறான். நீ மாற்றிக் காட்டுகிறாய்.' கூட்டாளியை விட்டு மிரட்டிய அன்று ஏன் ஆறு முறை வந்தது என்று இப்போது புரிகிறதா? திட்டும் அழுகையும் மிரட்டலும் அவனுக்கு ஒரே தீனிதான்.

அதனால் இனி அந்த அழைப்பை எடுக்காதே. தவறி எடுத்துவிட்டால் ஒரு வார்த்தையும் பேசாமல் கட் செய். 'ஹலோ'கூட வேண்டாம்.

அம்மாவுக்காக போன் திறந்திருக்க வேண்டும், சரி. போனில் 'டூ நாட் டிஸ்டர்ப்' என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டு, அம்மா, அண்ணன், ஆஸ்பத்திரி ஆகியோரை மட்டும் விருப்பப் பட்டியலில் சேர்த்துவிட்டால் அவர்கள் அழைப்பு மட்டும் மணியடிக்கும். இதில் ஒரு ஓட்டை உண்டு. ஒரே ஆள் சில நிமிஷத்துக்குள் இரண்டாவது முறை அடித்தால் அவசரம் என்று நினைத்து விட்டுவிடும்படி பல போன்களில் அமைத்திருப்பார்கள். 'ரிப்பீட் காலர்ஸ்' என்று இருக்கும், அதை அணைத்துவிடு. இவன் ஆறு முறை அடிக்கிறவன், அந்த ஓட்டை வழியாக உள்ளே வந்துவிடலாம்.

அடுத்து, ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கு. தேதி, மணி, தவறி எடுத்திருந்தால் எத்தனை வினாடி, என்ன கேட்டது, இவ்வளவு போதும். பின்னால் ரேடியோ ஓடியதா, மோட்டார் சத்தமா, நாய் குரைத்ததா, அதையும் எழுது. போனில் இருக்கும் அழைப்புப் பட்டியலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. நாளாக ஆகப் பழையது தானாகவே போய்விடும். அப்புறம் பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்கு, போய் ரிப்போர்ட் செய். 'வெறும் மூச்சுதானே' என்று கவுண்டரில் சிரித்தால் இரண்டு சட்டத்தின் பெயரைச் சொல். ஒன்று, 1998 தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவு. தொல்லை கொடுக்கும் எண்ணத்தோடு போன் செய்தால், பெயரை மறைத்தாலும் மறைக்காவிட்டாலும், பேச்சு நடந்தாலும் நடக்காவிட்டாலும் குற்றம். இன்னொன்று, 2023-இல் குற்றவியல் சட்டத்தில் சேர்ந்த 507ஏ. ஒருவரைத் தொடர்ந்து துரத்தித் தொல்லை கொடுப்பதற்கு மூன்று வருஷம் வரை சிறை. திரும்பத் திரும்ப போன் செய்வதும் துரத்துவதில் சேரும்.

'பிரைவட் நம்பர்' என்பது உன் திரைக்கு மட்டும்தான் பிரைவட். போன் கம்பெனியின் கணினியில் அந்த நம்பர் பச்சையாக இருக்கிறது. நீ கேட்டால் தரமாட்டார்கள், போலீஸ் விசாரணை என்று கேட்டால் தருவார்கள். ரிப்போர்ட் நம்பர் உன் கையில் இருக்க வேண்டும் என்பது அதனால்தான்.

எங்கள் நாளில் கணினி கிடையாது. ஜார்ஜ்டவுனில் ஒரு டீச்சருக்கு இதே தொல்லை. அவர் ரிசீவரை வைக்காமல் பிடித்துக்கொண்டிருக்க, டெக்னீஷியன்கள் சுவிட்ச் அடுக்குகளுக்கு நடுவே ஒவ்வொரு இணைப்பாகப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டு ஓடினார்கள். இரண்டு தடவை பாதியில் அறுந்துபோய், மூன்றாவது தடவைதான் பிடித்தார்கள். அழைப்பு வந்த இடம் அவர் வீட்டுக்கு எதிரே இருந்த கோப்பிக்கடையின் காசு போன். அங்கிருந்து பார்த்தால் அவருடைய ஜன்னல் விளக்கு தெரியும். போன் மணியடித்ததும் விளக்கு எரிவதைப் பார்ப்பதில் அவனுக்கு ஒரு சந்தோஷம். நான் பார்த்த வரையில் இப்படிப்பட்டவன் பெரும்பாலும் தெரிந்தவன்தான். உன் நம்பர் யார் யாரிடம் இருக்கிறது, நைட் ஷிஃப்ட் இல்லாத நாள் எது என்று யாருக்குத் தெரியும் என்றும் அந்த நோட்டில் எழுது.

மாப்பிள்ளைக்கு அந்த நோட்டைக் காட்டு. அதைப் பார்த்த பிறகும் 'யார் அது?' என்று உன்னையே கேட்டால் எனக்குத் தனியாக எழுது. அது போன் பிரச்சினை இல்லை.

*

வணக்கம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 68. நான்கு மாதத்துக்கு முன் வீட்டு போனுக்கு ஒரு பெண் அழைத்தாள். என் ஐ.சி. (அடையாள அட்டை) நம்பரைச் சரியாகச் சொல்லி, என் பெயரில் அனுப்பிய பார்சலில் ஏ.டி.எம். அட்டைகள் பிடிபட்டதாகச் சொன்னாள். பிறகு ஒரு 'இன்ஸ்பெக்டரிடம்' லைனை மாற்றினாள். இரகசிய விசாரணை, மனைவியிடம்கூடச் சொல்லக்கூடாது என்றான். மூன்று மணி நேரம் பேசினான். விசாரணை முடியும் வரை 'பாதுகாப்புக் கணக்கில்' வைக்கச் சொல்லி 6,000 வெள்ளியை மாற்ற வைத்தான். மறுநாள் இன்னும் கேட்டபோதுதான் புரிந்தது. இன்று வரை மகனிடம் சொல்லவில்லை. நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னவன் நான்.
வாசகர், பட்டர்வொர்த்

ஐயா, இந்தக் கடிதத்தை எழுதியதே பெரிய காரியம். உங்களைப் பிடித்தது உங்கள் முட்டாள்தனம் இல்லை, உங்கள் ஒழுக்கம். அதிகாரி கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும், பாதியில் போனை வைப்பது மரியாதை இல்லை என்று வளர்ந்த தலைமுறை நாம். மக்காவ் மோசடி என்று ஊரே சொல்லும் இந்த வித்தை நம் மரியாதையை வைத்துத்தான் பிழைக்கிறது. ஐ.சி. நம்பரைச் சொன்னால் நம்பிவிடுவோம். எத்தனை கவுண்டரில் எத்தனை பாரத்தில் அதை எழுதியிருக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள்.

'யாரிடமும் சொல்லாதே' என்பதுதான் அவன் தொழிலின் உயிர். நீங்கள் மனைவியிடம் ஒரு வாய் சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். நான்கு மாதமாக மகனிடம் மறைக்கிறீர்களே, அவன் போனை வைத்த பிறகும் அவன் சொன்னதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

போலீஸ் போனில் விசாரணை நடத்தி உங்கள் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்லாது. நீதிமன்றமும் சொல்லாது, வருமான வரி அலுவலகமும் சொல்லாது. திரையில் எந்த அலுவலகத்தின் நம்பர் வந்தாலும் நம்பாதீர்கள். இன்டர்நெட் வழியாக அழைப்பவன் தன் இஷ்டத்துக்கு ஒரு நம்பரைக் காட்டலாம். சந்தேகம் இருந்தால் வைத்துவிட்டு, அலுவலகத்தின் நம்பரை நீங்களே தேடி எடுத்து அடியுங்கள். ஆனால் வீட்டு போனில் வந்த அழைப்பைச் சரிபார்க்க அதே வீட்டு போனை எடுக்காதீர்கள். பழைய எக்ஸ்சேஞ்சில் கூப்பிட்டவன் வைக்காதவரை லைன் அறுபடாது. நீங்கள் வைத்து எடுத்து நம்பரை அழுத்தினாலும் அந்தப் பக்கம் அவனே காத்திருந்து 'போலீஸ் நிலையம்' என்று பேசுவான். கைப்பேசியிலிருந்து அடியுங்கள்.

பணம் போன அந்த நிமிஷமே 997-க்கு அழைத்திருக்க வேண்டும். 2022-இல் தொடங்கிய தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் அது. பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் வழியில் மடக்கத்தான் அந்த அவசரம். இப்போது பல வங்கிச் செயலிகளில் 'கில் சுவிட்ச்' என்று ஒன்றும் இருக்கிறது, நம் கணக்கை நாமே உடனே முடக்கிக்கொள்ளலாம். நான்கு மாதம் ஆகிவிட்டதே என்று விடாதீர்கள். வங்கிச் சீட்டோடு போய்ப் போலீஸ் ரிப்போர்ட் செய்யுங்கள். நீங்கள் பணம் போட்ட கணக்கு யாரோ ஒரு ஏழைப் பையன் சில நூறு வெள்ளிக்கு வாடகைக்கு விட்டதாக இருக்கும். மலாயில் அதற்கு 'அக்காவுன் கெல்டாய்', கழுதைக் கணக்கு என்று பெயர். போலீஸின் 'செமாக் மியூல்' இணையப் பக்கத்தில் கணக்கு நம்பரையோ போன் நம்பரையோ போட்டால், அதன் மேல் ரிப்போர்ட் இருக்கிறதா என்று தெரியும். உங்கள் ரிப்போர்ட் அடுத்தவருக்கு அங்கே உதவும்.

இன்னொன்று. ஒரு முறை ஏமாந்தவரின் நம்பர் கை மாறும். 'உங்கள் 6,000 வெள்ளியை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்' என்று ஒரு வக்கீலோ அதிகாரியோ அழைப்பார். அவனும் அந்தக் கூட்டம்தான்.

இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மகனைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். சொல்ல வாய் வராவிட்டால் இந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கையில் கொடுங்கள்.

*

அக்கா, முன்பு பக்கத்து வீட்டில் இருந்த குடும்பம் ஆலோங்கிடம் (வட்டி முதலையிடம்) கடன் வாங்கிவிட்டு ஓடிவிட்டது. என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள் போல. தினமும் எனக்கு போன் செய்து கெட்ட வார்த்தை பேசுகிறார்கள். '300 வெள்ளி கொடு, விட்டுவிடுகிறோம்' என்கிறார்கள். கொடுத்துத் தொலைக்கலாமா?
வாசகி, ஆயர் ஈத்தாம்

கொடுக்காதே. கொடுத்த அன்றே நீ அவன் நோட்டில் கடன்காரி ஆகிவிடுவாய். நீ வாங்காத, ஜாமீன் நிற்காத கடனுக்கு நீ பொறுப்பில்லை. அவர்கள் எங்கே போனார்கள், உன் வீட்டுக்காரர் எங்கே வேலை செய்கிறார் என்ற எதற்கும் பதில் வேண்டாம். கெட்ட வார்த்தையைப் பதிவு செய், மெசேஜ் வந்தால் அழிக்காதே, அந்த வாரமே ரிப்போர்ட் செய். வீட்டு வாசலில் சாயம் ஊற்றும் வரை காத்திருக்க வேண்டாம்.

*

இன்சூரன்ஸ், கிரெடிட் கார்டு என்று வேலை நேரத்தில் நாளைக்கு நான்கு அழைப்பு. சில நேரம் எடுத்தால் ஆளே இல்லை. நன்றாகத் திட்டிவிடலாமா?
வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

தம்பி, ஆளே இல்லாத அழைப்பு பேய் இல்லை, இயந்திரம். ஒரே நேரத்தில் பல நம்பருக்கு அடிக்கும். நீ எடுக்கும்போது அங்கே எல்லாருமே வேறு ஆளிடம் பேசிக்கொண்டிருந்தால் உனக்கு வெறும் காற்றுதான் கேட்கும். பகலில் வரும் மௌனம் பெரும்பாலும் இதுதான், செந்தூல் தங்கச்சியின் மௌனம் வேறு.

திட்டாதே. அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது பாதி நேரம் நம் வீட்டுப் பிள்ளைதான், கமிஷனுக்கு உழைக்கிறது. 'எந்தக் கம்பெனி, என் நம்பர் எங்கே கிடைத்தது?' என்று கேட்டு எழுதிக்கொள். பிறகு அந்தக் கம்பெனிக்கு எழுத்தில், ஈமெயில் போதும், 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 43-ஆவது பிரிவின்படி என் விவரத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள் என்று அனுப்பு. வாயால் சொல்வது காற்றில் போகும்.

*

+375 என்று ஆரம்பிக்கும் அழைப்பை எடுத்தால் மூன்றே வினாடியில் நம் போனில் உள்ள நம்பர்களை எல்லாம் நகல் எடுத்துவிடுவார்களாமே? வாட்ஸ்அப்பில் வந்தது.
வாசகி, ஜூரு

எடுப்பதால் எதுவும் நகலாகாது. அந்த மெசேஜை உனக்கு அனுப்பியவரிடமும் சொல். ஒரு மணி அடித்து அறுந்துபோகும் வெளிநாட்டு அழைப்பில் இருக்கும் ஆபத்து வேறு. யாரோ என்று நீ திருப்பி அடிப்பாய், அது அதிகக் கட்டண லைனாக இருக்கும், பில் ஏறும். ஜப்பானில் இதற்கு 'வாங்கிரி' என்று பெயர், 'ஒரு மணி, கட்' என்று அர்த்தம். திருப்பி அடிக்காதே, அவ்வளவுதான்.

உண்மையில் பயப்பட வேண்டியது, *21* அல்லது **21* என்று தொடங்கி ஒரு நம்பரை அழுத்தச் சொல்பவனுக்கு. அழுத்தினால் உனக்கு வரும் அழைப்பெல்லாம் அவனுக்குப் போகும். சந்தேகமாக இருந்தால் ##002# அடி, எல்லாத் திருப்பிவிடுதலும் ரத்தாகும். போன வாரம் என் வீட்டுக்காரர் போனில் அடித்துப் பார்த்தேன். எப்போதோ அவர் தங்கச்சி வீட்டு நம்பருக்குத் திருப்பிவிட்டு மறந்திருக்கிறார். அந்த வீட்டு போனை அறுத்தே ஒரு வருஷம் ஆகிறது. ரிட்டையர் ஆன பிறகு ஒருத்தனும் போன் செய்வதில்லை என்று மனுஷன் அத்தனை நாளும் புலம்பிக்கொண்டிருந்தார்.