பழைய பாய்ப்படகை இழுத்து வரப் போகிறீர்களா? முதலில் டிரெய்லரைப் பாருங்கள்

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கிறேன். டெக்சஸ், ஓக்லஹோமா எல்லையில் உள்ள டெக்சோமா ஏரியில், 1984ஆம் ஆண்டு கேட்டலினா 22 பாய்ப்படகு ஒன்றை வாங்கியிருக்கிறேன். தூக்கி இறக்கும் கீல் (படகின் அடியில் தொங்கும் கனமான தகடு) உள்ள வகை. படகு இன்னும் தண்ணீரில்தான் நிற்கிறது. கூடவே கொடுத்த டிரெய்லர் மூன்று வருடமாகப் புல்தரையில் கிடக்கிறது. என்னிடம் பெரிய பிக்கப் வண்டி உண்டு. சுமார் 500 கிலோமீட்டர் தூரத்தை நானே இழுத்து வரலாமா? கிளம்பும் முன் என்னென்ன செய்ய வேண்டும்?

பதில்: தாராளமாக இழுத்து வரலாம். டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போவதற்கென்றே வடிவமைத்த படகு இது. அகலம் 7 அடி 8 அங்குலம். எட்டரை அடிக்குள் இருப்பதால் சாலையில் தனி அனுமதி தேவையில்லை. படகு மட்டும் சுமார் 2,250 பவுண்டு. டிரெய்லர், மோட்டார், சாமான்கள் எல்லாம் சேர்ந்தால் 3,500ஐத் தொட்டுவிடும். உங்கள் வண்டிக்கு அது பெரிய பாரமில்லை. ஆனால் காலையில் போய் மாலையில் திரும்பும் திட்டம் மட்டும் வேண்டாம். இரண்டு நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் முழுவதும் டிரெய்லருக்கு.

என் முதல் படகை வாங்கியபோது பாயைப் பிரித்துப் பார்த்தேன், மெத்தையை முகர்ந்து பார்த்தேன், சக்கரத்தைப் பார்க்கவில்லை. 60 மைல் தாண்டியதும் வலப்பக்கச் சக்கரத்தில் புகை. ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தைத் திறந்தால் பேரிங் உருளைகள் நீலம் பாய்ந்து கிடந்தன. அன்று இரவு முழுக்க நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றேன். ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் படகு ஆடியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

படகு டிரெய்லரின் பேரிங் கெடுவதற்குக் காரணம் தண்ணீர். ஓடிச் சூடான ஹப்பை அப்படியே ஏரியில் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். பிறகு அது சும்மா நிற்கும் மாதங்களில் துரு பிடிக்கும். ஆகவே ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். கரகரவென்று சத்தம் வந்தாலோ, மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆடினாலோ பேரிங்கை மாற்றியே ஆக வேண்டும். ஹப்பைத் திறந்ததும் கிரீஸ் மோர் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். மூன்று வருடம் கிடந்த டிரெய்லர் என்பதால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் எதையும் பார்க்காமலே புது பேரிங், புது சீல் போட்டுவிடுவேன். கிரீஸ் அடைத்த முழு ஹப் ஒன்றை உபரியாக வண்டியில் போட்டுக்கொள்வேன். படகை ஏற்ற டிரெய்லரைத் தண்ணீரில் இறக்கும் முன் ஹப் ஆறும்வரை காத்திருங்கள்.

டயரின் வரிப்பள்ளத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 1417 என்றால் 2017ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்தது. ஆறு வருடம் தாண்டியிருந்தால் பார்க்கப் புதிதாக இருந்தாலும் மாற்றுங்கள். ஸ்டெப்னி அவசியம். ஹிட்ச் பந்தின் (வண்டியின் பின்னால் டிரெய்லரைப் பூட்டும் இரும்புப் பந்து) அளவும் கவனம்: 2 அங்குல கப்ளர் (பந்தின்மேல் உட்காரும் டிரெய்லரின் முனை), அதைவிடச் சிறிய 1⅞ அங்குலப் பந்திலும் பூட்டிக்கொண்டதுபோல் உட்காரும், முதல் பெரிய குழியில் கழன்றுவிடும். விளக்கு எரியவில்லை என்றால் முதலில் எர்த் வயரைப் பாருங்கள்.

அடுத்தது கீல். படகின் அடியில் தொங்கும் வார்ப்பிரும்புத் தகடு அது. 550 பவுண்டு, அதாவது 250 கிலோ. ஒரே ஒரு முள்ளை அச்சாக வைத்து அசையும். ஒற்றைக் கம்பிக் கயிற்றால் வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை) அதைத் தூக்கிப் பிடித்திருக்கும். கீலை முழுக்கத் தூக்கிக் கட்டிவிட்டால் பத்திரம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. சாலைக் குழி ஒவ்வொன்றிலும் அந்த 250 கிலோவும் எகிறி அந்த முள்ளிலும் கம்பியிலும்தான் விழும். படகு டிரெய்லரில் உட்கார்ந்ததும் வின்ச்சைத் தளர்த்தி, கீலை டிரெய்லரின் குறுக்குச் சட்டத்துப் பலகைமேல் உட்காரவிடுங்கள். பிறகு கம்பியின் தொய்வை மட்டும் எடுங்கள். பலகை இல்லையென்றால் கெட்டியான மரக்கட்டை ஒன்றைச் செருகிக் கட்டுங்கள்.

பாய்மரத்தை இறக்குவதற்கு முன் அண்ணாந்து பாருங்கள். 25 அடி அலுமினியக் கம்பம், டிரெய்லரில் ஏறிய படகின்மேல் முப்பது அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும். மின்கம்பி பக்கத்தில் எங்கும் இருக்கக் கூடாது. மரத்தை நிறுத்திப் பிடிக்கும் கம்பிகளை இறுக்கும் திருகான டர்ன்பக்கிளில் எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று போட்டோ எடுத்துவிட்டு, பூமையும் (பாயின் அடியில் உள்ள கிடைக்கம்பம்) முன்பக்கத் தாழ்கம்பிகளையும் கழற்றுங்கள். பக்கவாட்டு மேல்கம்பிகளைத் தொடாதீர்கள். மரம் பக்கவாட்டில் சாயாமல் பிடிப்பவை அவைதான். ஜிப் பாயை (முன்பாய்) ஏற்றும் கயிற்றை அணியத்தில் (படகின் முன்முனை) கட்டி, மறுமுனையை வின்ச்சில் சுற்றி ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் முன்கம்பியின் முள்ளை எடுக்கலாம். கேபின்மேல் நிற்கும் இன்னொருவர், பின்னால் சாய்ந்து வரும் மரத்தைத் தோளில் வாங்கிக்கொள்வார். தனியாகச் செய்யாதீர்கள். படுக்கவைத்த மரம் டிரெய்லருக்குப் பின்னால் 4 அடி நீட்டினால் சிவப்புத் துணி கட்ட வேண்டும்.

டெக்சோமா என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டெக்சஸில் ஜீப்ரா மஸல் முதலில் 2009இல் அங்கேதான் கண்டுபிடிக்கப்பட்டது. நகத்தளவு வரிமட்டி அது. ஓர் ஏரியில் புகுந்தால் குழாய்களை அடைத்து, மற்ற உயிர்களின் உணவையும் தின்றுவிடும். ஏரியை விட்டுக் கிளம்பும் முன் படகிலும் மோட்டாரிலும் உள்ள தண்ணீரை முழுக்க வடிக்க வேண்டும் என்பது சட்டம். அடிப்பாகத்தைச் சுரண்டுங்கள். கீல் மடங்கும் அந்தக் குறுகிய பள்ளத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். எல்லோரும் விட்டுவிடும் இடம் அதுதான்.

மோட்டார், சுக்கான், பெட்ரோல் டேங்க் மூன்றையும் கழற்றி வண்டியில் ஏற்றுங்கள். டிரெய்லர் வின்ச்சின் பெல்ட் படகை மேலே இழுக்க மட்டுமே. பிடித்துவைக்க அணியத்திலிருந்து தனிச் சங்கிலியும், பின்மூலைகளில் ராட்செட் பெல்ட்டும் வேண்டும். பெல்ட்டில் ஒரு முறுக்குக் கொடுத்தால் காற்றில் படபடக்காது. ஹிட்ச்சின்மேல் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 350 பவுண்டு அளவுக்கு இறங்க வேண்டும். அதைவிட மிகவும் குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும்.

காகிதங்களும் முக்கியம். படகுக்கும் மோட்டாருக்கும் தனித்தனி டைட்டில் (உரிமைச் சான்று), டெக்சஸ் பூங்கா, வனவிலங்குத் துறையில். டிரெய்லர் பதிவு கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) வரி அலுவலகத்தில். மூன்றிலும் விற்றவரின் கையெழுத்தை வாங்கிய பிறகே கிளம்புங்கள்.

கிளம்பி 20 மைலில் முதல் நிறுத்தம். இரண்டு ஹப்பையும் முதலில் புறங்கையால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் போகலாம். கை வைக்க முடியாத சூடு என்றாலோ, ஒன்று மற்றதைவிட அதிகம் சூடு என்றாலோ அங்கேயே ஜாக்கி போடுங்கள். 50 மைலில் சக்கர நட்டுகளை மறுபடி இறுக்குங்கள், பெல்ட்டையும். அதன் பிறகு ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒருமுறை நிறுத்திக் கை வையுங்கள்.